ஒரே ஒரு கம்பியை மாற்றினால்

பழைய இந்தித் திரைப்பாடல்களைப் பாட்டுக் குரல் இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் கேட்டவர்களுக்கு ஹவாயன் கிட்டாரின் ஒலி புதிதல்ல. வான் ஷிப்லி, சுனில் கங்கூலி போன்றவர்களின் இசைத்தட்டுகள் வழியாக அது இந்திய வீடுகளுக்குள் வந்தது. சுரத்திலிருந்து சுரத்துக்கு அது எட்டிக் குதிக்காது. வழுக்கிக்கொண்டே போய்ச் சேரும். கேட்பதோடு நின்றுவிட்டால் சிக்கல் இல்லை. வாசிப்பவரின் கையைப் பார்த்தால்தான் குழப்பம் தொடங்குகிறது.

சாதாரண கிட்டார் வாசிப்பவரின் இடது கையில் நான்கு விரல்களும் நான்கு இடங்களில் இருக்கும். ஒரு கம்பியை இங்கே அழுத்துவார், அடுத்ததை இரண்டு கட்டம் தள்ளி அழுத்துவார். இப்படி ஒரே நேரத்தில் ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களைக் கிட்டார்காரர்கள் ‘கார்டு’ என்பார்கள். விளையாட்டுச் சீட்டோடு குழம்பாமல் இருக்க, இந்த நூலில் அதைச் சுரக்கொத்து என்றே அழைப்போம். விரல்களை இடம் மாற்றினால் மகிழ்ச்சியான கொத்து சோகமான கொத்தாகிவிடும்.

ஹவாயன் கிட்டார் மடியில் மல்லாந்து கிடக்கிறது. வாசிப்பவரின் இடது கையில் இருப்பது மழமழப்பான ஓர் எஃகு உருளை மட்டுமே. அது கம்பிகளின் மேல் குறுக்காகக் கிடந்து ஊர்கிறது. கம்பியை அது பலகையில் படும்படி அழுத்துவதுகூட இல்லை. ஆறு கம்பிகளையும் ஒரே நேர்க்கோட்டில் தொடுகிற ஒரு துண்டு எஃகை வைத்துக்கொண்டு விதவிதமான கொத்துகளை இவர் எப்படி எழுப்புகிறார்?

விடையின் பெரும்பகுதி அவர் வாசிக்க உட்காருவதற்கு முன்பே முடிந்துவிட்ட ஒரு வேலையில் இருக்கிறது. கிட்டாரின் தலைப்பக்கத் திருகுகளை எந்தச் சுரத்துக்கு எந்தக் கம்பி என்று அவர் முறுக்கிவைத்தாரோ, அந்த ஏற்பாட்டில். அதைச் சுருதியமைப்பு என்போம்.

ஓஹு தீவிலிருந்து

ஜோசப் கெகூகூ 1874-இல் ஹவாயின் ஓஹு தீவில் லாயே என்னும் ஊரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் கிட்டார் கம்பிகள் மேல் ஓர் இரும்புப் பொருளைத் தேய்த்து இந்த ஒலியைக் கண்டுபிடித்தார் என்பது பரவலான வரலாறு. அது ரயில் பாதையில் பொறுக்கிய போல்ட் என்பார் சிலர். சீப்பு, கத்தி என்றும் கதைகள் உண்டு. இந்தியாவில் பிறந்து ஹொனலூலு போய்ச் சேர்ந்த காப்ரியேல் டேவியன் என்பவர் அதற்கும் முன்பே இப்படி வாசித்தார் என்று ஒரு கூற்றும் உலவுகிறது. யார் முதலில் தொட்டார் என்பது தீராத வழக்கு. தற்செயலாக எழுந்த ஒலியை முறையான வாசிப்பாக வளர்த்து, 1904-இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கொண்டுபோனவர் கெகூகூ என்பதில் மட்டும் தகராறு இல்லை. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சியின் ஹவாய் அரங்குக்குப் பிறகு அமெரிக்கா முழுக்க இந்த ஒலிக்குப் பித்துப் பிடித்தது.

இன்னொரு தகவல் ராக் இசை ரசிகர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வணிக ரீதியில் வெற்றிபெற்ற முதல் மின்கிட்டாரே இந்த வகைதான். 1932-இல் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த அலுமினியக் கருவிக்கு வட்டமான சிறிய உடலும் நீண்ட கழுத்தும் இருந்ததால் ‘வறுசட்டி’ என்று செல்லப்பெயர் வந்தது. மடியில் வைத்து வாசிப்பதால் இவ்வகைக் கருவிகள் பொதுவாக ‘லாப் ஸ்டீல்’ எனப்படுகின்றன.

ச, க, ப: அவ்வளவுதான்

ஒரு ச-வுக்கும் மேல் ச-வுக்கும் இடையே பன்னிரண்டு படிகள் என்பது ஹார்மோனியம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிட்டார் பலகையில் உள்ள கோடுகளும் அவைதான். எஃகு ஒரு கோடு மேலே நகர்ந்தால் ஆறு கம்பிகளும் ஒவ்வொரு படி ஏறும். கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் மட்டும் மாறவே மாறாது. இந்த அத்தியாயம் முழுக்க நிற்பது இந்த ஓர் உண்மையின் மேல்தான்.

ஹவாய் வாசிப்பாளர்கள் தொடக்கத்தில் பயன்படுத்திய அமைப்புகளில் ஒன்று, தடித்த கம்பியிலிருந்து மெல்லியதுவரை, மேற்கத்தியச் சுரப்பெயர்களில், ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. ஏ என்பதை ச-வாக வைத்துக்கொண்டால் அது ப, ச, ப, ச, க, ப. ஆறு கம்பி இருந்தும் சுரங்கள் மூன்றே. ச, அந்தர காந்தாரம், ப. மேற்கத்தியர்கள் மேஜர் என்று சொல்லும் தெளிவான, மகிழ்ச்சியான கொத்து இது. எஃகை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு மேஜர் கொத்துதான் வரும்.

பெரும்பாலான எளிய பாட்டுகளுக்கு இது போதும். திறந்த கம்பியில் ஒன்று, ஐந்தாம் கோட்டில் ஒன்று, ஏழாம் கோட்டில் ஒன்று என மூன்று மேஜர் கொத்துகளைச் சுற்றிச் சுற்றி வந்தே ஆயிரக்கணக்கான பாட்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் மெட்டில் ஒரு சோகமான திருப்பம் வந்துவிட்டால் கை கட்டிப்போடப்படுகிறது. சோகமான மைனர் கொத்துக்குக் காந்தாரம் மட்டும் ஒரு படி இறங்கி சாதாரண காந்தாரமாக வேண்டும். மற்ற இரண்டும் அசையக் கூடாது. நேரான எஃகால் அது முடியாது. எஃகைச் சாய்த்துப் பிடித்துச் சில கொத்துகளைப் பிடிக்கலாம், தேர்ந்தவர்கள் செய்தார்கள். கம்பிகள் மூன்றானால் அதுவும் கஷ்டம்.

நம் கோட்டு வாத்தியத்தை நினைத்தால் ஒரு கேள்வி எழலாம். சித்ரவீணை என்று இன்று அழைக்கப்படும் அதிலும் வீணையின் மெட்டுகள் (ஃப்ரெட்) கிடையாது. ஒரு கட்டைதான் கம்பிகள் மேல் வழுக்குகிறது. பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளோ ரவிகிரணோ ஏன் ராகத்துக்கு ராகம் சுருதியமைப்பை மாற்றவில்லை? கர்நாடக இசையில் கொத்து தேவையில்லை என்பதுதான் காரணம். ஒரே குரலாகப் போகும் இசைக்கு ச-வும் ப-வும் சேர்ந்திருந்தால் போதும். மற்றதையெல்லாம் கட்டையின் ஓட்டமே எழுதிவிடும். பிரிஜ் பூஷண் காப்ரா போன்றவர்கள் ஹவாயன் கிட்டாரை இந்துஸ்தானிக்குக் கொண்டுவந்தபோதும் (1967-இல் வெளியான ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் பக்கத்தில் கேட்பது அவர் கிட்டார்தான்) இந்தக் கொத்துச் சிக்கல் அவர்களுக்கு எழவில்லை. சுருதியமைப்புகள் பெருகியது பல சுரங்களை ஒன்றாக எழுப்பியாக வேண்டிய இசையில்தான்.

இரண்டு முகம் கொண்ட ஆறு கம்பி

1930-களில் ஜாஸும் நடன இசையும் கொத்துகளைச் சிக்கலாக்கிக்கொண்டே போனபோது பலரும் திருகுகளைத் திருகிப் பார்த்தார்கள். அந்தத் தேடலில் நிலைத்தது சி6 என்னும் அமைப்பு. அதோடு சேர்த்தே சொல்லப்படும் பெயர் ஒஹையோ மாநிலத்தின் லைமா ஊரில் 1920-இல் பிறந்த ஜெரி பெர்ட். பிற்காலத்தில் ஹவாய்க்கே குடிபெயர்ந்து, அங்கு மங்கிக்கொண்டிருந்த இந்தக் கலையை உள்ளூர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

சி6-இன் கம்பிகள், தடித்ததிலிருந்து மெல்லியதுவரை: சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. சி-யை ச ஆக்கினால் ச, க, ப, த, ச, க.

கீழ் மூன்று கம்பிகளை மட்டும் மீட்டிப் பாருங்கள்: ச, க, ப. பழைய மேஜர் கொத்து. மேல் மூன்றை மட்டும் மீட்டுங்கள்: த, ச, க. த-வை வீடாக வைத்து எண்ணினால் அங்கிருந்து ச மூன்று படி. க ஏழு படி. அதாவது சாதாரண காந்தாரமும் பஞ்சமமும். மைனர் கொத்து! எஃகு ஓர் அங்குலம்கூட நகரவில்லை, சாயவில்லை. மகிழ்ச்சி கீழ்ப்பாதியில், சோகம் மேல்பாதியில். நடுவில் நுழைந்த ஒரே ஒரு தைவதம் செய்த வேலை இது. இந்த ஒரு கண்டுபிடிப்பின் சிக்கனத்துக்கு ஈடாக வாத்திய வரலாற்றில் எனக்குப் பிடித்தவை மிகக் குறைவு.

சி6 இனிமையாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீபோர்டில் படிகள் பன்னிரண்டும் சமம். ஒவ்வொரு படியையும் நூறு கூறாகப் பிரித்து, ஒரு கூறை ‘சென்ட்’ என்று இசையியலாளர்கள் சொல்கிறார்கள். கீபோர்டின் அந்தர காந்தாரம் ச-விலிருந்து 400 சென்ட். ஆனால் இரு கம்பிகளின் அதிர்வுகள் ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் அமைந்தால்தான் க-வும் ச-வும் முழுமையாக இழைகின்றன. அது 386 சென்ட்டில் நடக்கிறது. 400-இல் வைத்தால் சேர்ந்து ஒலிக்கும்போது ஒலி ஏறி இறங்கித் துடிக்கும். பள்ளி இயற்பியல் பாடப் புத்தகத்தில் இதற்கு விம்மல் என்று பெயர். லாப் ஸ்டீலில் ஃப்ரெட் இல்லை, கோடு மட்டுமே என்பதால் வாசிப்பவர் கீபோர்டுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. க-வை ட்யூனர் காட்டுவதைவிட 14 சென்ட் இறக்குவார். த-வை 16 இறக்கி 884-இல் நிறுத்துவார். ப-வை 2 ஏற்றி 702-இல் வைப்பார். இப்படிச் செய்தால் ச-க, ச-ப, த-ச, த-க என்று கொத்துக்குள் முக்கியமான எல்லா இணைகளும் ஒரே நேரத்தில் விம்மலின்றி அடங்குகின்றன. எல்லாம் ஒத்துவருவது அபூர்வம். ஏன் அபூர்வம் என்பது ஒரு கம்பியை நாம் மாற்றியதும் தெரியும்.

மாற்றுவோம்: மேல் கம்பி க-விலிருந்து ரி-க்கு

சி6-இல் க இரண்டு முறை வருகிறது. மேலே இருக்கும் மெல்லிய கம்பியை மட்டும் இரண்டு படி இறக்கி ரி ஆக்குவோம். ச, க, ப, த, ச, ரி. பாட்டு கற்றவர்கள் இதைப் பார்த்ததும் புன்னகைப்பார்கள். ச ரி க ப த ஐந்தும் வந்துவிட்டன. மோகன ராகத்தின் சுரங்கள் மொத்தமும் ஒரே கோட்டில்.

முதலில் கம்பியின் பாடு. ஒரு கம்பியின் சுருதியை ஒரு ஸ்தாயி ஏற்ற இழுவிசையை நான்கு மடங்காக்க வேண்டும். அதே கணக்கில் இரண்டு படி இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தொங்கலான கம்பியை எஃகின் எடை அழுத்தும்; சுருதி ஏறிப்போகும். எனவே கம்பியையே மாற்றுவது நல்லது. சி6-இன் மேல் கம்பிக்கு 0.015 அங்குலம் வழக்கமான பருமன். ரி-க்கு 0.017 போட்டால் பழைய முறுக்கு ஏறக்குறையத் திரும்பிவிடுகிறது. கடையில் கேட்டால் கிடைக்கிற அளவுதான்.

என்ன கிடைத்தது? மேல் இரண்டு கம்பிகள் ச-வும் ரி-யும். இரண்டு படி இடைவெளியில் நெருக்கமாக நிற்கும் இணை சி6-இன் மேல்பகுதியில் இல்லை. எஃகை அசைக்காமலே மெட்டு ச-வுக்கும் ரி-க்கும் இடையே நடமாடலாம். ப, த, ச, ரி என்ற மேல் நான்கையும் சேர்த்து மீட்டினால் காந்தாரமே இல்லாத ஓர் ஒலி வரும். மகிழ்ச்சியா சோகமா என்று சொல்லாமல் நடுவில் நிற்கும். அடுத்த கொத்துக்காகக் காக்க வைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. கீழே ச, க, ப அப்படியே இருக்கிறது. அதோடு மேல் ரி-யைச் சேர்த்தால் ஜாஸ்காரர்கள் விரும்பும் ஒன்பதாம் சுரம் கலந்த மேஜர்.

இன்னொரு விளைவு மெட்டு வாசிப்பவர்களுக்கானது. எஃகு திறந்த நிலையில் ச ரி க ப த தருகிறது. ஐந்தாம் கோட்டில் வைத்தால் ம ப த ச ரி. ஏழாம் கோட்டில் ப த நி ரி க. மூன்றையும் சேர்த்தால் சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் மூன்றே நிறுத்தங்களில் முடிந்துவிடுகின்றன. பாட்டின் மூன்று முக்கியக் கொத்துகளும் அதே மூன்று கோடுகளில்தான் இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

என்ன போயிற்று? மைனர் கொத்து நொண்டியாயிற்று. த, ச, க மூன்றும் இருக்கின்றன. ஆனால் அடுத்தடுத்த கம்பிகளில் இல்லை. மெல்லிய கம்பியை ஒன்று என்று வைத்து எண்ணினால், க கீழே ஐந்தாம் கம்பியில், த-வும் ச-வும் மூன்றிலும் இரண்டிலும். நடுவில் ப குறுக்கே நிற்கிறது. கட்டைவிரலால் ஒரே இழுப்பில் வாராது. விரல்களால் தாண்டித் தாண்டிப் பறிக்க வேண்டும். இதைவிடப் பெரிய இழப்பு மேல் இணையில். ஹவாய் பாணியின் உயிரே மேல் இரண்டு கம்பிகளில் ச-வும் க-வும் கைகோத்து வழுக்குவதுதான். அங்கே இப்போது க இல்லை. எஃகை இரண்டு கோடு சாயும்படி பிடித்து, ச-வை அதன் இடத்திலும் ரி-க் கம்பியை இரண்டு கோடு மேலேயும் தொட்டால் மூன்றாம் சுரம் திரும்ப வரும். முன்பு சும்மா வந்தது இப்போது உழைத்தால் வரும்.

இதெல்லாம் பார்த்துவிட்டுப் பழைய ஹவாய்ப் பாட்டுகளை வாசிப்பவர் சி6-க்கே திரும்பிவிடுவார். அதில் தவறில்லை. மெதுவான, ஒரே கொத்தில் நெடுநேரம் நிற்கும் இசையை வாசிப்பவருக்குப் புதியது பிடிக்கும்.

ரி எங்கே நிற்க வேண்டும்?

திருகைத் திருகிக்கொண்டிருக்கும்போதே ஒரு விசித்திரம் கண்ணில், அதாவது காதில், படும். ரி-யைச் சரியாக வைக்க இரண்டு இடங்கள் உண்டு.

நாலாம் கம்பியின் ப-வோடு சேர்த்து மீட்டி, விம்மல் அடங்கும்வரை ரி-யைத் திருகினால் அது ச-விலிருந்து 204 சென்ட்டில் நிற்கும். இப்போது அதே ரி-யை மூன்றாம் கம்பியின் த-வோடு மீட்டுங்கள். நாராசம். என் கணக்கில் நடு ச-வை வழக்கமான சி சுருதியில் வைத்தால் வினாடிக்குப் பதினொரு தடவை விம்மும். த-வோடு இழைய வேண்டுமானால் ரி 182 சென்ட்டுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் ப-வோடு சண்டை. இரண்டு இடத்துக்கும் நடுவே 22 சென்ட், ஒரு படியின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்.

சி6-இல் எல்லாம் ஒத்துவந்ததன் ரகசியம் இதுதான். அதில் ரி இல்லை. ப-வையும் த-வையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த வேண்டிய சுரம் எதுவும் இல்லாததால் பிணக்கு வெளியே தெரியவில்லை. ஐந்தாவது சுரம் உள்ளே வந்ததும் கணக்கு உதைக்கிறது.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. இரண்டு வீணைகளை ஒன்றுபோலச் சுருதி சேர்த்து, ஒன்றில் மட்டும் பஞ்சமத்தைச் சற்றே இறக்கி வித்தியாசத்தைக் கேட்கச் சொல்கிறது பரதரின் நாட்டிய சாஸ்திரம். அந்தச் சிறு இறக்கத்துக்கு அவர் வைத்த பெயர் பிரமாண சுருதி. இன்றைய அளவில் அது இதே 22 சென்ட்தான் என்பது இசையியலாளர் பலரின் கணக்கு. ஒரு கம்பியை மாற்றி என்ன ஆகிறது என்று பார்ப்பதில் நமக்கு மிகப் பழைய முன்னோடி இருக்கிறார்.

எஃகைச் சற்றே சாய்த்து இதைச் சரிசெய்ய முடியாதா? 22.5 அங்குல நீளமுள்ள கருவியில் தலைப்பக்கம் 22 சென்ட் என்பது ஏழு மில்லிமீட்டர். பன்னிரண்டாம் கோட்டில் அதில் பாதி. சாய்க்கலாம், ஆனால் ப-வும் ச-வும் சேர்ந்து நகர்ந்துவிடும். திறந்த கம்பிகளில் அந்த வழியும் இல்லை. ட்யூனர் சொல்லும் 200 சென்ட்டை ஏற்றுக்கொண்டால் ப-வோடு கிட்டத்தட்ட சரி. த-வோடு பிணக்கு பெரிதாகத் தீரவில்லை. ஆகவே முடிவெடுத்தாக வேண்டும். நான் ப-வின் பக்கம் நிற்பேன், 204. இந்த அமைப்பின் சிறப்பான ஒலி ச, க, ப-வின் தலைமேல் ரி மிதப்பதில் இருக்கிறது. அங்கே விம்மல் வந்தால் எல்லாம் வீண். த-வும் ரி-யும் சேரும் இடங்களில் எஃகை லேசாக நடுக்கி வாசித்தால் விம்மல் அந்த நடுக்கத்துக்குள் மறைந்துவிடும். ஹவாய் வாசிப்பில் ஓயாமல் கேட்கும் அந்த நடுக்கம் அழகுக்கு மட்டுமே என்று நான் நம்புவதில்லை.

பெயர் வைப்பது

இனி இதை என்ன சொல்லிக் கூப்பிடுவது?

ஹவாயில் இதற்கு மூத்த மரபு ஒன்று உண்டு. எஃகு வருவதற்கு முன்பே அங்கே கம்பிகளைத் தளர்த்தி வாசிக்கும் ‘ஸ்லாக் கீ’ கிட்டார் வேரூன்றியிருந்தது. அதில் சுருதியமைப்புகளுக்குக் குடும்பச் சொத்தின் மதிப்பு. வெளியாரிடம் காட்டாமல் காப்பாற்றிய வீடுகள் இருந்தன. பெயர்களும் மண்ணின் பெயர்கள். டி, ஜி, டி, ஜி, பி, டி என்பது ‘டாரோ பாட்ச்’, சேப்பங்கிழங்கு வயல். மேஜர் கொத்தோடு காகலி நிஷாதம் கலந்த குடும்பம் ‘வாஹினே’, அதாவது பெண். மேல் இரண்டு கம்பிகளுக்கிடையே ச-ப தூரம் வைத்த குடும்பம் எரிமலையின் பெயரில் ‘மௌனா லோவா’. சேப்பங்கிழங்கு வயலையே அமெரிக்க ப்ளூஸ்காரர்கள் ‘ஓப்பன் ஜி’ என்பார்கள். அதே ‘ஓப்பன் ஜி’ என்ற பெயரை டோப்ரோ என்னும் கிட்டார் வாசிப்பவர்கள் ஜி, பி, டி, ஜி, பி, டி என்ற வேறோர் அமைப்புக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர், ஒரே பெயருக்கு இரண்டு பொருள்.

லாப் ஸ்டீல்காரர்கள் கொத்தின் பெயரையே அமைப்புக்கும் வைத்தார்கள்: சி6, ஏ6, ஈ13, பி11. அறிவியல்போலத் தெரிகிறது, ஆனால் உள்ளே ஓட்டை இருக்கிறது. சி6-இன் சுரங்களைத் த-விலிருந்து எண்ணினால் அதற்கு ஏ மைனர் 7 என்று பெயர். கம்பி ஒன்றுகூட மாறவில்லை. நாம் நிற்கும் இடம்தான் மாறியது. கர்நாடக இசையில் கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு இது பழகிய விளையாட்டு. மோகனத்தின் ரி-யை ச ஆக்கினால் மத்யமாவதி, க-வை ஆக்கினால் ஹிந்தோளம், ப-வை ஆக்கினால் சுத்த சாவேரி, த-வை ஆக்கினால் சுத்த தன்யாசி. நம் புதிய அமைப்பு அந்த ஐந்து சுரங்களால் ஆனது என்பதால் அதற்கும் ஐந்து பெயர்கள் காத்திருக்கின்றன. ச-விலிருந்து பார்த்தால் சி6/9. த-விலிருந்து ஏ மைனர் 11. ரி-யிலிருந்து டி9 சஸ்பெண்டட். எல்லாமே சரி.

என் தேர்வு சி6/9. தடித்த கம்பி எந்தச் சுரமோ அதிலிருந்துதான் காது எண்ணத் தொடங்குகிறது. அடியில் ச ஒலிக்கும்போது மேலே உள்ளவற்றை அதற்கு உறவாகவே கேட்போம். மோகன அமைப்பு என்று சொல்ல ஆசைதான். ஆனால் ராகம் என்பது சுரப் பட்டியலோடு முடிவதில்லை. கமகமும் பிடிகளும் சஞ்சாரமும் இல்லாமல் ஐந்து கம்பிகளைச் சேர்த்து மீட்டிவிட்டு மோகனம் என்று சொன்னால் வித்வான்கள் சும்மா விடமாட்டார்கள். நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்ளலாம்.

எந்தப் பெயர் வைத்தாலும் பக்கத்தில் ஆறு சுரங்களையும் எழுதிவிடுவது புத்திசாலித்தனம். எந்தப் பக்கத்திலிருந்து எழுதினோம் என்பதையும் குறிக்க வேண்டும். சாதாரண கிட்டார்காரர்கள் தடித்த கம்பியிலிருந்து எழுதுவார்கள். ஸ்டீல் வாசிப்பவர்களில் பலர் மெல்லியதிலிருந்து. இது தெரியாமல் திருகியவர்கள் கம்பி அறுந்த பிறகு தெரிந்துகொள்வார்கள்.

மேலும் இரண்டு திருகு

இங்கிருந்து இன்னும் ஓர் அடி எடுத்து வைக்கலாம். அடியில் உள்ள ச-வை ஒரே படி ஏற்றிச் சின்ன ரி, அதாவது சி ஷார்ப், ஆக்குவோம். மேல் கம்பி ரி ஆகாத பழைய சி6-இல் இந்த மாற்றத்தைச் செய்தால் கிடைப்பது ஜெரி பெர்ட் பயன்படுத்திய சி6/ஏ7 என்னும் புகழ்பெற்ற அமைப்பு. த-வை வீடாக வைத்தால் அடியில் உள்ள புதிய சுரம் அதன் அந்தர காந்தாரம். மேஜரும் மைனரும் இருந்த இடத்தில், வீடு திரும்பத் துடிக்கும் ஏழாம் கொத்தும் சேர்ந்துவிடுகிறது. ஒரே படி மாற்றத்துக்கு இது பெரிய கூலி. பெயரில் உள்ள சாய்கோடு நேர்மையானது. இரண்டு முகம் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறது.

நம் அமைப்பில் இதைச் செய்தால் தடித்ததிலிருந்து சி ஷார்ப், ஈ, ஜி, ஏ, சி, டி. இப்போது நடுவில் உள்ள ஏ-யை மட்டும் ஒரு படி ஏற்றி பி ஃபிளாட் ஆக்குங்கள். சி ஷார்ப், ஈ, ஜி, பி ஃபிளாட், சி, டி. இதற்கு உலகில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: லெவிட் அமைப்பு. பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் கிட்டார் துறைக்குத் தலைவராக இருந்த வில்லியம் லெவிட் ஜாஸ் கொத்துகளுக்காக வகுத்தது. அவர் இந்த வழியாகத்தான் வந்தார் என்று சொல்லவில்லை. சி6-இலிருந்து மூன்று கம்பிகள், மொத்தம் நான்கு படிகள் தள்ளி அது இருக்கிறது, அவ்வளவுதான்.

எஃகை நேராக வைத்தே அதில் என்னென்ன கிடைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் பொறாமை வரும். 5, 4, 2 கம்பிகளில் மேஜர். 4, 3, 1-இல் மைனர். 5, 4, 3, 2-இல் ஏழாம் கொத்து. அதோடு 1-ஐயும் சேர்த்தால் ஒன்பதாம் கொத்து. அடியில் 6, 5, 4, 3 நான்கும் மும்மூன்று படி இடைவெளியில் நின்று, பழைய படங்களில் வில்லன் நுழையும்போது கேட்கும் டிமினிஷ்ட் கொத்தைத் தருகின்றன. அந்தக் கொத்தில் எந்தக் கம்பியை வீடாக வைத்தாலும் இடைவெளிகள் ஒன்றேதான். ஆகவே அதற்கு நான்கு பெயர்கள், நான்குக்கும் சம உரிமை. இங்கே காதால் இழைக்கும் வேலையும் எடுபடாது. இழைந்த மூன்று படி என்பது 316 சென்ட். நான்கு முறை வைத்தால் 1,264 ஆகி ஸ்தாயியான 1,200-ஐத் தாண்டிவிடும். கீபோர்டின் சம படிகள்தான் இந்தக் கொத்துக்குப் பொருந்துகின்றன. ட்யூனர் காட்டும் இடத்திலேயே விட்டுவிடலாம்.

இத்தனை கொத்துகளில் எதன் பெயரை அமைப்புக்கு வைப்பது? எதை வைத்தாலும் மற்றவற்றுக்கு அநியாயம். ஆளின் பெயரே நிலைத்துவிட்டது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சி6-இல் ஆறு கம்பிகளையும் கட்டைவிரலால் ஒரே வாரில் வாரினாலும் இனிக்கும். லெவிட்டில் அப்படி வாரினால் சி ஷார்ப், சி, டி என்று மூன்று பக்கத்து வீட்டுச் சுரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். வேண்டிய மூன்று நான்கு கம்பிகளை விரலில் மாட்டிய பிக்குகளால் பறித்து, மிச்சத்தை உள்ளங்கை விளிம்பால் அதே நொடியில் அடக்க வேண்டும். வலது கையின் அந்த வேலைக்குத் தனி அத்தியாயம் தேவை, அடுத்தது அதுதான்.